பிரேக் டிஸ்க்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பதும் பாதுகாப்பாக மாற்றுவதும்

முதன்முதலில் நானே டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு, மாற்றிய கதையைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரப்போகும் பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறியது. டிஸ்க் கோணிவிட்டது என்று பார்த்தவர் எல்லாரும் சொன்னார்கள், நானும் முன் டிஸ்க் இரண்டையும், அவற்றை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் பேடோடு சேர்த்துப் புதிதாகப் போட்டேன். உதறல் போன இடம் தெரியவில்லை. நாலு மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. வீல் பேலன்ஸ் பார்த்தேன், புது பேடைக் குறை சொன்னேன், கடைசியில் டிஸ்க்கைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினால், ஹப்பின் (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டப்படும் சுழலும் நடுப்பகுதி) மேல் உட்காரும் இடத்தில் ஒரு துருச் செதில், வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுதான் இருக்கும், நன்றாக நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. மூலையில் கிடந்த பழைய டிஸ்க்கைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே மாதிரி ஒரு தழும்பு.

தேய்வது வேறு, கெடுவது வேறு. டிஸ்க் தேயத்தான் செய்யும், அதற்காகத்தான் அது இருக்கிறது. ஆனால் தானாகக் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. அந்த ஒன்றைப் பிடிக்காமல் புது டிஸ்க் மாட்டினால் புதுசையும் அதுவே தின்னும்.

கீழே சொல்வதெல்லாம் கார் மாதிரியான வண்டிகளில் அதிகம் வரும், பேடை அமுக்கும் பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருந்து, பேடுகளைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், பின் எனப்படும் இரும்புக் குச்சிகளில் வழுக்கி நகரும் அமைப்பை மனதில் வைத்து எழுதியது.

முதலில், ஓட்டலாமா கூடாதா?

பெடல் தரை வரை போகிறது, சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு திடீரென்று இறங்கியிருக்கிறது, இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் வருகிறது, டிஸ்க்கில் ஓரம் வரை ஓடிய விரிசல் தெரிகிறது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும், இழுவை வண்டி வரட்டும். "மெதுவாகப் போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம்" என்று தோன்றும். மெதுவாகப் போகும் வண்டியையும் நிறுத்தத்தானே வேண்டும்.

மற்ற அறிகுறிகளுக்குப் பதறத் தேவையில்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, அல்லது பெடல் காலடியில் துடிக்கிறது

அதிகம் பேர் தேடி வருவது இதற்குத்தான், அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான்.

முதலில் இது பிரேக் சம்பந்தப்பட்டதுதானா என்று பாருங்கள். காலை பிரேக்கில் வைக்காமலே குறிப்பிட்ட வேகத்தில் உதறினால் அது டயர், பேலன்ஸ், சக்கர வளையம் பக்கம். இந்தப் பகுதியை விட்டுவிடலாம். வழுக்கும் தரையில் அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் பெடல் படபடவென்று வேகமாக அடித்தால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், தன் வேலையைச் செய்கிறது. பிரேக் பிடித்தால் மட்டும், வேகம் குறையக் குறையத் துடிப்பும் நிதானமாகிக்கொண்டே வந்தால்தான் நம் ஆள். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டிலும் பெடலிலும் மட்டும் தெரிந்தால் பின் டிஸ்க்கையும் சந்தேகப்படுங்கள்.

"டிஸ்க் கோணிவிட்டது" என்பது எல்லாரும் சொல்லும் வார்த்தை. சாலையில் ஓடும் சாதாரண வண்டியில் வார்ப்பிரும்பு டிஸ்க் சூட்டில் அப்பளம் மாதிரி வளைந்துபோவது அரிது. நடப்பது வேறு: டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போகிறது. ஓரிடத்தில் கொஞ்சம் தடிப்பு, ஓரிடத்தில் கொஞ்சம் மெலிவு. தடித்த இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போதெல்லாம் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், அந்தத் தள்ளல்தான் ஆயில் வழியாக உங்கள் பாதத்துக்கு வருகிறது. இதற்குப் பெரிய வித்தியாசம் தேவையில்லை. 0.015 மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்றத்தாழ்வு இருந்தாலே பல வண்டிகளில் உணர ஆரம்பித்துவிடலாம், இது தலைமுடியின் தடிமனை விடக் குறைவு.

இந்த ஏற்றத்தாழ்வு இரண்டு வழியில் வரும். ஒன்று, பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக அப்பிக்கொள்வது. புது பேடைப் பழக்காமல் நேராகக் கடுமையாக ஓட்டினாலும், நீண்ட இறக்கத்தில் நன்றாகக் காய்ந்த பிரேக்கோடு வந்து சிக்னலில் பெடலை அமுக்கியபடியே நின்றாலும் இப்படி ஆகும். சில நேரம் பேடின் வடிவத்திலேயே ஒரு கருத்த அச்சு டிஸ்க்கில் தெரியும்.

இரண்டாவது வழிதான் என் துருச் செதிலின் கதை. ஹப்பின் முகத்தில், நடுவிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளி 0.05 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏதோ சிக்கிக்கொண்டால், பதின்மூன்று சென்டிமீட்டர் தள்ளியுள்ள டிஸ்க் ஓரத்தில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். டிஸ்க் லேசாகத் தள்ளாடிச் சுற்றும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் காலிப்பர் அந்தத் தள்ளாட்டத்தோடு சேர்ந்து நகர்ந்துகொடுக்கும். ஆனால் பிரேக்கே பிடிக்காமல் ஓடும்போதும் தள்ளாடும் முகம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிவிட்டுப் போகும், எப்போதும் அதே இடத்தில். சக்கரத்தின் சுற்றளவு சுமார் இரண்டு மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 500 சுற்று, 5000 கிலோமீட்டருக்கு 25 லட்சம் உரசல். அந்த இடம் மெலிந்துபோகிறது. உதறல் நாலு மாதம் கழித்து வந்ததன் காரணம் இதுதான். மாற்றிய அன்று நன்றாக இருந்ததால் மாற்றிய விதத்தில் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை வீல் நட்டுகளாலேயே வாஷர் வைத்து ஹப்போடு இறுக்குங்கள். வெறுமனே தொங்கும் டிஸ்க்கை அளந்து பயனில்லை. காந்தக் கால் உள்ள டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) நிறுத்தி, முள்ளை வெளி ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வைத்து, டிஸ்க்கை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பல வண்டிகளில் அனுமதி 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள்தான், உங்கள் வண்டியின் சரியான எண்ணை அதன் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். அதைவிட அதிகமாக ஆடினால் அவசரப்பட்டு டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். முள் அதிகம் ஏறிய இடத்தை டிஸ்க்கிலும் ஹப்பிலும் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, டிஸ்க்கைக் கழற்றி ஒரு ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். ஏற்றம் டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் குறை டிஸ்க்கில். ஹப்பின் குறியிலேயே நின்றால் குறை ஹப்பில், அதாவது துரு, அடிபட்ட ஹப், அல்லது பேரிங். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பேரிங் தளர்வு கையிலேயே தெரியும்.

டயல் கேஜ் இல்லாதவர்கள் மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் கனத்தை அளந்து எழுதுங்கள். ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் எட்டு எண்ணும் எட்டுக் கதை சொல்லும்.

இன்னொரு குற்றவாளியும் உண்டு: வீல் நட்டுகளை இம்பாக்ட் கன்னால் ஒன்றை 200 நியூட்டன் மீட்டர், இன்னொன்றை 90 என்று கண்டபடி இறுக்குவது. ஹப்பும் டிஸ்க்கும் அந்த இழுப்பில் சீரில்லாமல் உட்காரும். டயர் மாற்றிய கொஞ்ச நாளில் உதறல் தொடங்கியது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது நட்டை எதால் இறுக்கினார்கள் என்பதைத்தான்.

சத்தம்: கீச், கரகர, தடதட

மழைக்குப் பிறகோ வண்டி கழுவிய மறுநாள் காலையிலோ முதல் நாலைந்து பிரேக்கில் வரும் கரகர சத்தம் மேல்துரு. வார்ப்பிரும்புக்கு ஒரு ராத்திரி ஈரம் போதும், ஆரஞ்சு நிறத்தில் பூத்துவிடும். தானே போய்விடும், விடுங்கள்.

ஓடும்போது மெல்லிய கீச்சென்ற சத்தம் வந்து, பிரேக்கைத் தொட்டால் நின்றுவிட்டாலோ மாறினாலோ, பேடில் இருக்கும் தேய்மானத் தகடு டிஸ்க்கைத் தொட ஆரம்பித்திருக்கலாம். அது உங்களைக் கூப்பிடுவதற்கென்றே வைக்கப்பட்ட தகடு. பேடைப் பாருங்கள், உராயும் பொருள் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற நேரமாயிற்று, 2 மில்லிமீட்டருக்குக் கீழே ஓட்டவே வேண்டாம்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் கூர்மையான கீச் வந்தால் அது அதிர்வு. பேட் தன் தாங்கியில் தளர்வாக இருக்கலாம், முதுகில் இருக்க வேண்டிய ஷிம் தகடு தொலைந்திருக்கலாம், சூட்டில் பேடின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கலாம். எரிச்சலூட்டும், ஆனால் ஆபத்து அரிது. இதற்காக டிஸ்க்கை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கரடுமுரடாக இரும்பை அறுக்கும் சத்தம் என்றால் பேட் முடிந்து அதன் இரும்பு முதுகு டிஸ்க்கை உழுகிறது. மேலே சொன்ன இழுவை வண்டிப் பட்டியலில் இது இருக்கிறது. பேட் மட்டும் புதிதாகப் போட்டு அந்த உழவு நிலத்தின் மேல் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வரப்புகள் புது பேடைச் சில நாளில் தின்றுவிடும், அதுவரை பாதிப் பரப்புதான் பிடிக்கும்.

மேடு பள்ளத்தில் ஏறும்போது மட்டும் தடதடவென்று ஆடி, பிரேக்கை லேசாகத் தொட்டால் அடங்கினால் வழுக்குப் பின்களிலோ பேட் கிளிப்பிலோ தளர்வு.

ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு சக்கரம் மட்டும் காய்கிறது

இரண்டு விதமான இழுப்பு உண்டு, குழப்பிக்கொண்டால் நல்ல பக்கத்தைக் கழற்றி நேரத்தை வீணடிப்பீர்கள். பிரேக் பிடிக்காமலே இடப்பக்கம் இழுக்கிறது, இடச் சக்கரம் காய்கிறது என்றால் இடப்பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் பிடித்தால் மட்டும் இடப்பக்கம் போகிறது என்றால், பல நேரம் குறை வலப்பக்கம்: அங்கே பிடிப்பதில்லை, அதனால் ஒழுங்காகப் பிடிக்கும் பக்கம் வண்டியைத் தன்னிடம் இழுக்கிறது. வலப்பக்கப் பேடில் கிரீஸோ ஆயிலோ பட்டிருந்தாலும் இதே கதைதான், அந்தப் பேடைத் துடைத்துத் திரும்பப் போட வேண்டாம், ஊறிவிட்டால் ஊறியதுதான், ஜோடியாக மாற்றுங்கள்.

சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் அங்கேயே நின்றுவிடும். இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் அளங்கள். இல்லாவிட்டால் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டினாலே வித்தியாசம் தெரியும்.

விடாமல் பிடிக்கும் சக்கரத்தை ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு சின்னச் சோதனை. யாரையாவது பிரேக்கை அமுக்கி விடச் சொல்லுங்கள். சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி மாட்டிக்கொண்டு இருந்தால், காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் சின்னத் திருகான நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது, ரப்பர் ஹோஸ் உள்பக்கம் இற்றுப்போய் ஒரு வால்வு மாதிரி ஆகியிருக்கலாம். வெளியே பார்த்தால் நல்ல ஹோஸ் மாதிரியே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் சிக்கல் இரும்பில்: பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது அல்லது வழுக்குப் பின் இறுகியிருக்கிறது. சோதனை முடிந்ததும் நிப்பிளை இறுக்கி, காற்று புகுந்திருந்தால் வெளியேற்றிவிட்டுத்தான் வண்டியை இறக்க வேண்டும்.

பேடுகளைப் பார்த்தும் சொல்லிவிடலாம். உள்பேட் நன்றாகத் தேய்ந்து வெளிப்பேட் புதுசு மாதிரி இருந்தால் காலிப்பர் வழுக்கவில்லை. பிஸ்டன் தன் பக்கத்துப் பேடை மட்டும் அமுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரே பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் ஆப்பு மாதிரி மெலிந்தும் இருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். நான் பார்த்தவரை டிஸ்க்குகளை அகாலத்தில் கொன்றவற்றில் முதலிடம் இந்தக் காய்ந்துபோன பின்களுக்குத்தான். சுண்டுவிரல் தடிமனில் ஒரு இரும்புக் குச்சி, அதற்கு ஒரு ரப்பர் உறை, உள்ளே பட்டாணி அளவு கிரீஸ். அந்தக் கிரீஸ்தான் யாரும் போடுவதில்லை.

பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது, அல்லது ஆழம் போகிறது

அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அமுக்கினால் பெடல் உயர்ந்து கெட்டியானால் லைனில் காற்று இருக்கலாம், அல்லது பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். தள்ளாடும் டிஸ்க்கும் தளர்ந்த பேரிங்கும் பிஸ்டனை உள்ளே தட்டித் தள்ளிவிடும், அதனால் முதல் அமுக்கு எப்போதும் ஆழம் போகும். அமுக்கியபடியே வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் வாசர்கள் போயிருக்கின்றன.

காலிப்பரைக் கழற்றி மாட்டிய பிறகு எவ்வளவு காற்று எடுத்தாலும் பஞ்சாகவே இருக்கிறது என்று ஒருவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார், போய்ப் பார்த்தால் இடது காலிப்பர் வலதில், வலது காலிப்பர் இடதில். இரண்டிலும் நிப்பிள் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. காற்று மேலேதான் தங்கும், நிப்பிள் மேலேதான் இருக்க வேண்டும்.

நாம் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்ற தரங்கள் மூன்றும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைச் சார்ந்த திரவங்கள், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, பிறகு 140. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டாட் 5 என்பது சிலிக்கான், பெயர் அடுத்த எண் மாதிரி இருந்தாலும் இவற்றோடு கலக்கவே கூடாது.

நீண்ட இறக்கத்தில் பிரேக் கைவிடுகிறது

பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது. பெடலே உள்ளே போனால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டது, இது அதைவிட மோசம். இரண்டுக்கும் அந்த நேரத்து வைத்தியம் கீழ் கியருக்கு இறங்கி எஞ்சினால் வேகத்தைக் கட்டி, பாதுகாப்பான இடம் கிடைத்ததும் ஒதுங்கி ஆறவிடுவது. தண்ணீர் ஊற்றாதீர்கள், காய்ந்த வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

டிஸ்க்கின் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது

குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே, ஓரத்திலோ நடுத் தொப்பியிலோ, "மின் டிஹெச்" என்ற ஆங்கில எழுத்துகளோடு பொறிக்கப்பட்டிருக்கும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தால் தெரியும். புதிதில் 22 மில்லிமீட்டர் இருந்த டிஸ்க்குக்கு எல்லை 20 என்றிருந்தால் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் உங்கள் சொத்து. எல்லைக்கு இன்னும் 0.3 மில்லிமீட்டர் இருக்கிறது, புது பேட் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்பது கணக்கில் மட்டும்தான் லாபம். அந்தப் பேட் தீர்வதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும்.

வெர்னியரால் அளப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டிஸ்க்கின் வெளி ஓரத்தில் பேட் தொடாத இடம் தேயாமல் உதடு மாதிரி நிற்கும், வெர்னியரின் தாடை அந்த உதட்டின் மேல் உட்கார்ந்து கனத்தைக் கூட்டிக் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே வகை நாணயத்தை வைத்து அளந்து, இரண்டு நாணயத்தின் கனத்தைக் கழித்துக்கொண்டால் சரியாக வரும்.

மெல்லிய முடி போன்ற சூட்டுக் கோடுகள் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் கவனித்துக்கொண்டு ஓட்டலாம். நகம் மாட்டுகிற விரிசல், ஓரத்தைத் தொடும் விரிசல், துளையிட்ட டிஸ்க்கில் துளைக்குத் துளை ஓடும் விரிசல் எல்லாம் குப்பைக்கு. நீலம் பாரித்த திட்டுகள் கடுமையாகக் காய்ந்ததன் அடையாளம். அந்த இடத்தில் இரும்பின் உள்ளமைப்பே மாறிக் கெட்டியாகியிருக்கும், லேத்தில் கொடுத்து மேலே சீவினாலும் அடியிலும் அது இருக்கும், கொஞ்ச நாளில் மறுபடி உதறும். லேத்தில் சீவுவதே எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கனம் மிச்சமிருந்து, லேசான வரிகளோ மேடுபள்ளமோ மட்டும் என்றால், வண்டியிலேயே வைத்துச் சீவும் கருவி கிடைத்தால் செய்யலாம், அது ஹப்பின் தள்ளாட்டத்தையும் சேர்த்துச் சரிசெய்யும். மற்றபடி மெலிந்த டிஸ்க்கை இன்னும் மெலிய வைப்பது சூட்டைத் தாங்கும் இரும்பைக் குறைப்பதுதான்.

மாற்ற முடிவு செய்துவிட்டால்

சமதரை. கியரில் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கவைத்து விடுங்கள், எல்லாம் கைவிட்டாலும் வண்டி அதன் மேல்தான் விழும், உங்கள் மேல் இல்லை.

வண்டியில் எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் பின் காலிப்பரைத் தொடுவதற்கு முன் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும், பலவற்றுக்கு ஸ்கேனர் தேவை. பலவந்தமாகப் பிஸ்டனை அமுக்கினால் மோட்டார் போய்விடும். சில ஹைபிரிட் வண்டிகளில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் எழுந்து அழுத்தம் கொடுக்கும், உங்கள் விரல் காலிப்பருக்குள் இருக்கும்போது அது நடக்கக் கூடாது. கையேட்டைப் படிக்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய வண்டிகளின் பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை. பிரேக் கிளீனரால் நனைத்துக் கழுவுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

காலிப்பரைக் கழற்றியதும் அதை ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் சுருளில் கட்டித் தொங்கவிடுங்கள். பிறகு காலிப்பர் உட்காரும் தாங்கியின் போல்ட்டுகள், பிறகு டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ. இந்த ஸ்க்ரூ பாதிப் பேருக்குத் தலை சிதைந்துதான் வரும். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். டிஸ்க் வர மறுத்தால் பல டிஸ்க்குகளில் மரை வெட்டிய இரண்டு துளைகள் அதற்கென்றே இருக்கும், அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றி அரைச் சுற்று இறுக்கினால் தானே கழன்று வரும். பின் டிஸ்க் என்றால் ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், சும்மா சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்போம்.

இப்போது ஹப். இந்த வேலையில் இருபது நிமிடம் செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். கம்பி பிரஷ், உப்புத்தாள், நடு வளையத்தின் ஓரம், வீல் நட்டு மாட்டும் ஒவ்வொரு ஸ்டட்டின் அடி. ஸ்டட்டைச் சுற்றி மோதிரம் மாதிரி துரு கட்டியிருக்கும், பிரஷ் அங்கே போகாது, ஒரு சின்னத் துண்டு உப்புத்தாளைச் சுருட்டித் தேய்க்க வேண்டும். விரல் நுனியால் தடவிப் பாருங்கள், கண் விடுவதை விரல் பிடிக்கும். முகத்தில் கிரீஸை அப்பி வைக்காதீர்கள், அதுவும் ஒரு கனம்தான்.

புது டிஸ்க்கில் துருத் தடுப்பு எண்ணெய் இருக்கும், பிரேக் கிளீனரால் இரண்டு முகத்தையும் துடையுங்கள், துணியில் கருப்பு வருவது நிற்கும் வரை. பூச்சுப் பூசிய டிஸ்க் என்றால் பேக்கிங்கில் சொன்னபடி. உள்ளே வளைந்த காற்றுத் தடுப்புகள் உள்ளவற்றில் இடம் வலம் உண்டு, குறி பார்த்து மாட்டுங்கள். எப்போதும் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், பேடும் புதுசு. பழைய பேடில் பழைய டிஸ்க்கின் வரிகள் பதிந்திருக்கும்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் ஆயில் டப்பாவின் அளவைப் பாருங்கள், நிரம்பியிருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள், இல்லாவிட்டால் வழிந்து பெயிண்ட்டை உரித்துவிடும். பட்டுவிட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். சில பின் காலிப்பர்களில் பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் உள்ளே அனுப்ப வேண்டும், அமுக்கினால் போகாது. பின்களைக் கழற்றித் துடைத்து, சிலிக்கான் கிரீஸோ பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸோ போடுங்கள். சாதாரண மினரல் கிரீஸ் பட்டால் ரப்பர் உறை உப்பிப் பின்னை இறுக்கிப் பிடித்துவிடும். இரண்டு பின்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருந்தால் எது மேலே எது கீழே என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால்தான். வீல் நட்டுகளுக்குப் பல கார்களில் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரும், தாங்கி போல்ட்டுக்கும் வழுக்குப் பின்னின் போல்ட்டுக்கும் வேறு வேறு எண்கள், வழுக்குப் பின்னின் போல்ட்டுக்குரியது மிகவும் குறைவு. உங்கள் வண்டியின் எண்ணைக் கையேட்டில் எடுத்துக் காகிதத்தில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு கட்டமாக.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை அடித்து அடித்துக் கெட்டியாக்குங்கள். பிஸ்டன் இன்னும் உள்ளேயே இருக்கிறது, முதல் நாலைந்து அமுக்கில் பெடல் வெறுமனே தரைக்குப் போகும். ஒருமுறை நான் இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தேன். சுவர் அரை அடியில் இருந்தபோது ஹேண்ட் பிரேக் ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் வேலை ஆரம்பிக்கும்போதே ஸ்டீயரிங்கில் ஒரு துணியைக் கட்டிவிடுகிறேன், பெடல் கெட்டியான பிறகுதான் அவிழ்ப்பது. பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலைத் தரை வரை முழுசாக அமுக்காமல் அரை அரையாக அடிப்பது நல்லது, உள்ளே தேயாத பகுதியின் துரு வாசரைக் கிழித்துவிடும்.

பழக்குவது

பேட் கம்பெனி சொன்ன முறை இருந்தால் அதுவே. இல்லாவிட்டால் ஆளில்லாத சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 20 வரை, நடுத்தர அழுத்தத்தில், எட்டுப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை கிலோமீட்டராவது ஓடவிட்டு. முழுசாக நிறுத்தக் கூடாது, முக்கியமாகக் காய்ந்த டிஸ்க்கின் மேல் பெடலை அமுக்கியபடி நிற்கக் கூடாது, மேலே சொன்ன பேட் அச்சு அங்கேதான் விழும். அப்புறம் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க்கின் முகம் சீரான சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். மற்றபடி டயரைச் சுழற்சி முறையில் மாற்றும்போதெல்லாம் பின்களைக் கையால் அசைத்துப் பாருங்கள், கட்டைவிரலால் தள்ளினால் வழுக்க வேண்டும். மின்சார வண்டி, ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் தலைகீழ்: மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க்குக்கு வேலை இல்லாமல் துருப்பிடிக்கும், பின் டிஸ்க்குகள் இன்னும் சீக்கிரம். வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் வராத இடத்தில், நாலைந்து தடவை நன்றாகவே அழுத்திப் பிடியுங்கள். சில வண்டிகளில் நியூட்ரலில் போட்டால்தான் டிஸ்க் முழுசாக வேலை செய்யும்.